சிவப்புக் கோடு வரை

நாலாம் நம்பர் கட்டிலில் மயில் போட்ட போர்வை. பச்சை மயில், மஞ்சள் கொண்டை, சாயம் இறங்கி ஓரமெல்லாம் திட்டுத் திட்டாக, அதன்மேல் ஒரு பொம்பிளை தன் வீட்டுக் கட்டில் போலக் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். எழுந்திரு என்று சொல்ல வேண்டும். அது ஆள் இருக்கிற இடம், எழுந்து போ என்று சொல்ல வேண்டும். இந்த டயாலிசிஸ் ஹாலில் போர்வை அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டு வருகிறோம், அதனால் ஆளைப் பார்க்கிறதுக்கு முன்னால் போர்வையைத்தான் பார்ப்போம், போர்வை கிடந்தால் ஆள் வந்தாச்சு. நாலாம் நம்பருக்கு நீலக் கட்டம் போட்ட சாரம். ஆல்வினுடைய அப்பா கட்டிப் பழசானது, நடுவில் பீடி சுட்ட ஓட்டை, அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டி எனக்குப் பொம்மலாட்டம் காட்டுவான். சனிக்கிழமை வரைக்கும் காட்டினான். இன்றைக்குச் செவ்வாய். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறிலிருந்து பத்து, மூணாம் நம்பர் நான், நாலாம் நம்பர் அவன், பதினாலு மாசமாக இது மாறவில்லை, தீபாவளிக்கு மாறவில்லை, கிறிஸ்துமஸுக்கு மாறவில்லை, ஊரே வெள்ளத்தில் மிதந்தபோது அவன் டிராக்டரில் ஏறி வந்தான். சேர்மராஜ் அண்ணன் என் இடது கையை இழுத்துத் துடைக்கிறார். இங்கே ஊசி குத்துகிறது, உருவுகிறது, மெஷினைப் பார்த்துக்கொள்கிறது எல்லாம் அவர்தான். ரெண்டு கிலோ தண்ணி எடுக்கணும் என்கிறார். என் முகத்தைப் பார்க்காமல் என் கையிடம் சொல்கிறார். முதல் ஊசி. ரெண்டாவது ஊசி. குழாயில் ரத்தம் ஏறுகிறது. நான் நாலாம் நம்பரைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்து வாயைத் திறக்கிறேன், அவர் ஒரு விரலைத் தூக்குகிறார்.

"பத்து மணிக்கு."

அவ்வளவுதான். பெரிய நீதிபதி. இது அவர் வைத்த சட்டம், ரத்தம் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தச் சேதியும் கிடையாது. முன்னொரு காலத்தில் ஒரு அம்மாவிடம் ஊசி இருக்கும்போதே வீட்டுச் சேதியை யாரோ சொல்லி, பிரஷர் இறங்கி, கண் சொருகி, ஹாலில் இருந்த அத்தனை மெஷினும் ஒன்றைப் பார்த்து ஒன்று கத்தின மாதிரி கத்தினதாம். அதிலிருந்து நல்லதோ கெட்டதோ ஊசி உருவின பிறகுதான். என் பிளஸ் டூ மார்க் வந்த அன்றைக்கு அம்மா வாசலில் போனை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டே நின்றாள், நானூற்று அறுபது, எனக்குத் தெரிந்தது பத்தே காலுக்கு. ஆல்வின் மட்டும் ஒன்பது மணிக்கே அம்மாவின் பல்லை எண்ணி, பாஸுதான் பிள்ள, பெயிலுன்னா இத்தன பல்லு தெரியாது என்று சொல்லிவிட்டான். ஆக இந்தச் சட்டத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அண்ணன் வாயை மூடிக்கொண்டார் என்றால் அது கெட்ட சேதி என்று ஆகாது. மதுரையிலிருந்து போன் வந்திருக்கலாம், யாரோ மூளைச்சாவு, கிட்னி பொருந்திவிட்டது, ஆம்புலன்ஸில் போயிருப்பான், நினைவு திரும்பாமல் படுத்திருப்பான், ரெண்டு நாளில் கழிவறைக்குப் போய் நின்று, மூத்திரம் தானாக வருகிறதைப் பார்த்து ஊருக்கே கேட்கிற மாதிரி சிரிப்பான். அப்படிப் போயிருந்தால் அதற்கும் அவனை வெறுப்பேன். என்னிடம் சொல்லாமல் நன்றாகிப் போவதற்கு அவனுக்கு யார் உரிமை கொடுத்தது. போகட்டும். பிழைத்து, தலை நிறைய எண்ணெய் வைத்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, தினமும் மூணு லிட்டர் தண்ணி குடித்து, தொப்பை போட்டு நாசமாகப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா போனிலிருந்து அடித்தேன், மணி அடித்து அடித்து நின்றது. திங்கள்கிழமை அடித்தேன், சுவிட்ச் ஆப். ஆபரேஷனுக்குள் போனவன் போனை அணைத்துத்தானே வைப்பான். அணைத்துத்தான் வைப்பான். மணி ஆறு இருபத்தைந்து. மயில்காரி இருமுகிறாள்.

நான் ஆபரேஷனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் போகக் கூடாது. பாட்டிலின் பக்கம் போகக் கூடாது. போய்விட்டேன். என் நீல பாட்டில், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போன பாட்டில், மூடியில் பல் பட்ட தடம், அடியில் நகப்பாலிஷால் வடிவு என்று என் பெயர், கழுத்துக்குக் கீழே அதே சிவப்பு நகப்பாலிஷில் ஒரு கோடு. அந்தக் கோடு வரைக்கும் அரை லிட்டர். ஒரு நாளைக்கு எனக்கு அதுதான், சாம்பாரில் இருக்கிற தண்ணியும் அதில் சேர்த்தி. அவனுக்கும் அரை லிட்டர். எங்களை மாதிரி ஆட்களுக்குத் தாகம் என்றால் என்னவென்று கையைக் கழுவும்போது குழாயை மூடாமல் பேசிக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியாது. அவனுக்கு இளநீர் ஆசை. இளநீர் எங்களுக்கு விஷம், அதில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் தங்கி இதயத்தை நிறுத்தும், சுவரில் படம் போட்டே ஒட்டியிருக்கிறது, இளநீர், வாழைப்பழம், மாம்பழம் மூன்றுக்கும் சிவப்புக் குறுக்குக்கோடு. ஆனால் இங்கே படுக்கிற எல்லாருக்கும் ஒரு குறுக்குவழி தெரியும். முதல் மணி நேரம். மெஷின் ஓட ஆரம்பித்த முதல் மணி நேரத்தில் எதைத் தின்றாலும் அடுத்த மூணு மணி நேரத்தில் மெஷினே கழுவி எடுத்துவிடும். ஆறு மணிக்கு ஊசி, ஆறரைக்குத் தலையணைக்கு அடியிலிருந்து வாழைப்பழம், சேர்மராஜ் அண்ணன் அந்த நேரம் பார்த்து எங்கேயோ திரும்பி நிற்பார். அதனால்தான் கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க நான் ஒரு சொட்டு குடிக்கவில்லை, சோற்றைக் கெட்டியாகத் தின்றேன், நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது, ஒட்டட்டும், என் பங்கை அவனுக்குக் கொடுக்கிறேன் என்று ஒரு கணக்கு. நான் குடிக்காததை அவன் குடித்தால் சரியாகிப் போகும் என்று. ரெண்டு பேருக்கும் ஒரே உடம்பு என்ற நினைப்பு. பயாலஜியில் தொண்ணூற்றிரண்டு வாங்கினவள் போட்ட கணக்கு. தோட்டத்தில் இளநீர் வெட்டி, வடிகட்டி, சிவப்புக் கோடு வரைக்கும் ஊற்றி, ஈரத்துணி சுற்றிக் கொண்டு வந்தேன், அன்றைக்கென்று பெரிய டாக்டர் ஆறேகாலுக்கே ரவுண்ட்ஸ் வந்து முதல் மணி நேரம் முழுக்க ஹாலில் நின்றார். ஏழரையும் ஆச்சு. அவன் மணியைக் காட்டி உதட்டைப் பிதுக்கினான். அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்குக் கொண்டு போய்ச் செடிக்கு ஊற்றியிருக்கலாம்.

"வலிக்குமா தாயி?" மயில்காரி. இவளுக்கு இன்றைக்குத்தான் முதல் நாள், கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள், திரும்ப முடியாமல் கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டுகிறாள். விளாத்திகுளம் பக்கம் ஏதோ ஊர் சொன்னாள், நான் கேட்டுக்கொள்ளவில்லை, ரெண்டு பொண்ணு, இளையவளுக்கு ஆடியில் வளைகாப்பு என்றாள், அதையும் கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். நீ ஏன் வந்தாய், உனக்கு வேறு கட்டில் இல்லையா, நீ காத்திருந்தாய் அல்லவா, எவனாவது ஒருத்தன் போனால் அடுத்தது நீ என்று பட்டியலில் பெயர் போட்டுக் காத்திருந்தாய். நானும் அப்படித்தான் வந்தேன். எனக்கு முன்னால் மூணாம் நம்பரில் இருந்தவர் யார் என்று பதினாலு மாசத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. நான் வந்த அன்றைக்கு நாலாம் நம்பரிலிருந்து ஒரு ஒல்லிப் பயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், பாலிடெக்னிக் சட்டை, காது ரெண்டும் விறைத்துக்கொண்டு. நான்தான் கேட்டேன், வலிக்குமா என்று. வலிக்கும் பிள்ள, ஆனா மொத ஒரு மணி நேரம் என்ன வேணாலும் திங்கலாம் என்றான். மற்றவர்கள் எல்லாரும் வலிக்காது என்றுதான் சொன்னார்கள். டாக்டர், அம்மா, காசு முடிந்து உண்டியலில் போட்ட சாமி எல்லாரும். இவன் ஒருத்தன்தான் வலிக்கும் என்றான், அந்த நிமிஷமே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது, பிடித்துப் போனது பிடிக்கவில்லை, ரெண்டு மாசம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் மூணடி. எனக்கு இடது கையில் ஊசி, அவனுக்கு வலது கையில், சும்மா இருக்கிற கைகள் ரெண்டும் ஆளுக்கொரு ஓரத்தில். தொட்டுக்கொள்ள வேண்டும் என்றால் ஊசிக் கைதான் அருகில், அதை அசைக்கக் கூடாது. யார் இந்தக் கட்டிலைப் போட்டார்களோ அவர்கள் கை அழுகட்டும். ஒரே ஒரு தடவை, பஸ் ஸ்டாண்டில், எங்கள் கடம்பூர் வண்டி வருவதற்கு முன்னால், என் முழங்கைக்குக் கீழே ஆபரேஷன் செய்து நரம்பைச் சேர்த்த இடத்தில் ரத்தம் கிர்ர் என்று ஓடுமே, அதன்மேல் காதை வைத்தான். அந்தக் காது சுட்டது. பூன படுத்துக் கெடக்கு பிள்ள உள்ள என்றான். அம்மா டீ வாங்கப் போயிருந்தாள். டீயோடு வந்து நின்று பார்த்துவிட்டு வீடு வரைக்கும் திட்டினாள். நாளைக்கு இருப்பானோ மாட்டானோ, அவன்கிட்டப் போய் என்னட்டி காது குத்து என்றாள். நான் மட்டும் நாளைக்கு இருப்பேன் என்று உனக்கு எழுதிக் கொடுத்தது யாரம்மா என்று கேட்டேன்.

அம்மா. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், இட்லி டப்பாவை மடியில் வைத்து, மூடியைத் திறந்து மூடி. இன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை. இதை நான் ஏன் இவ்வளவு நேரம் விட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் எப்போதும் போல நான் ஆல்வின் வருகிற சாயர்புரம் வண்டி நிற்கிற பக்கம் எட்டிப் பார்த்தேன், எப்போதும் போல அவள் கழுத்த அங்க என்னட்டி நீட்டுத என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பையை வாங்கிக்கொண்டாள். கேட்காமலே வாங்கிக்கொண்டாள். நேற்று ராத்திரி போனை எடுத்துக்கொண்டு மாட்டுத் தொழுவம் வரைக்கும் போய்ப் பேசினாள், யாரென்று கேட்டதற்குச் சித்தி என்றாள், சித்தியிடம் பேசினால் தெருவே கேட்கும். தெரியும். அவளுக்குத் தெரியும், சேர்மராஜ் அண்ணனுக்குத் தெரியும், ஒன்றாம் நம்பர் வாத்தியாருக்குத் தெரியும், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார், இந்த ஹாலில் தெரியாதது நானும் மயில்காரியும் மட்டும்தான். எல்லாரும் நன்றாக இருங்கள். பத்து மணிக்காக அழகாகக் காத்திருங்கள். என் ரத்தத்தைக் குழாயில் விட்டுச் சுற்றிக் காட்டிக்கொண்டு, என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் மூலையில் இருக்கிற மருந்துப் பிரிட்ஜுக்குப் போகிறார், எனக்கு ரத்தம் ஊறுகிற ஊசி போடும் நாள். கதவை அரைவாசிதான் திறக்கிறார். முதுகால் மறைத்துக்கொண்டு ஒரு கையை மட்டும் உள்ளே விட்டு மருந்தை எடுக்கிறார். எப்போதும் அகலத் திறந்து போட்டுவிட்டுப் பாட்டுப் படிப்பவர். இன்றைக்குப் பாட்டும் இல்லை. டப் என்று சாத்துகிறார். அவர் கழுத்துப் பின்பக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, மடிப்பு மடிப்பாக.

எட்டே முக்கால். பாட்டிலைப் பற்றி மீதியையும் நினைத்துத்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் அதுவே வந்து நிற்கும். சனிக்கிழமை பத்தரைக்குப் பஸ் ஸ்டாண்டில் ஈரத்துணியோடு அவன் பைக்குள் பாட்டிலைத் திணித்தேன். இப்பவே குடி, கழுவின உடம்பு சுத்தமாத்தான இருக்கும் என்றேன். அவன் சிரித்தான். ஊசி உருவியாச்சு பிள்ள, இனி செவ்வாக்கெழம வரைக்கும் உள்ள போனது உள்ளதான், நடுவுல ரெண்டு நாளு கெடக்கு என்றான். எனக்கு அது தெரியாதா. மற்ற எல்லா இடைவெளியும் ஒரு நாள், சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் மட்டும் ரெண்டு நாள், அந்த ரெண்டு நாளில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் போவது, திங்கள்கிழமை சாயங்காலம் எனக்கே மூச்சு கனக்கும். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். நான் ஒரு நாள் பூராவும் நாக்கு ஒட்டிக் கிடந்தேன், அதற்கு அவன் சிரிக்கிறான். எனக்காகக் குடிக்க மாட்டியா என்று கேட்டேன். அவன் பாட்டிலை ஆட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். குடிக்கலன்னா என்கூடப் பேசாத என்றேன். அவன் பாட்டிலிலிருந்து கண்ணை எடுப்பதற்குள் வண்டி வந்துவிட்டது, அம்மா முதுகில் கை வைத்துத் தள்ளினாள், ஜன்னலிலிருந்து பார்த்தபோது அவன் மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணை மூடிக்கொண்டு. குடித்திருப்பான். அந்த முகம் குடிக்கிற முகம். நான் சொன்னால் செய்கிறவன், மடையன், நான் சொன்னேன் என்றால் டிராக்டரில் ஏறி வருகிறவன். குடித்திருப்பான். நான்தான் கொடுத்தேன். கோடு வரைக்கும் அளந்து கொடுத்தேன்.

வலது கெண்டைக்கால் இழுக்கிறது. தண்ணி எடுக்க எடுக்க இப்படித்தான், சதை கல்லாகிக் கல்லுக்குள் யாரோ முறுக்குவார்கள், கத்தக் கூடாது, அம்மா உள்ளே வந்துவிடுவாள், அவள் முகத்தை நான் பார்த்துவிடுவேன். ஆல்வின் இருந்தால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். சாவைப் பற்றித்தான் சொல்லுவான். வேறு எதைப் பற்றியும் அவனுக்குச் சிரிப்பு வராது. ஒங்க ஆளுகளுக்குச் சாகக் கெடந்தா வாயில பாலாவது ஊத்துவாவ, எங்களுக்கு அதுவும் கெடயாது பிள்ள, நேரா மண்ணுதான், அதனால நான் ஒன் மதத்துக்கு வந்துருதேன், பாலு வேண்டாம், ஒரு சொம்பு தண்ணி ஊத்தச் சொல்லு என்பான். நான் சிரித்தேன். பிரஷர் கட்டுக் கையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன், மெஷின் கத்தி, அண்ணன் ரெண்டு பேரையும் திட்டினார். இப்போதும் மெஷின் கத்துகிறது. அண்ணன் ஓடி வந்து கால்மாட்டைத் தூக்குகிறார், சலைன் ஏறுகிறது, வாய்க்குள் குளிர்ச்சி மாதிரி ஏதோ. எண்பதுக்கு ஐம்பது என்று யாரோ சொல்கிறார்கள். ஹால் தூரத்தில் போய் நிற்கிறது. இப்படியே போய்விடலாம், இவ்வளவுதான் இது, ஒன்றும் இல்லை, காது அடைக்கிறது, பூனை எழுந்து போகிறது. மயில்காரி ஏதோ சொல்கிறாள். மாரியாத்தா, பச்சப் பிள்ள, பச்சப் பிள்ள என்கிறாள். கழுத்துக் குழாயோடு கையை என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறாள். இவளுக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கிறது, நீட்டினால் என் கட்டில் எட்டுகிறது. எட்டுகிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வருகிறது, அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டே ஏறி வருகிறேன், நூறு, நூற்றுப்பத்து. செத்துப் போகாமல் இருப்பதற்கு எனக்கு இப்போது இது ஒன்றுதான் கையில் இருக்கிறது, எல்லார் மேலும் கோபம். பத்து மணி வரைக்கும் போதும்.

பத்து. பம்ப் நிற்கிறது. குழாயில் மிச்சம் இருந்த ரத்தம் எனக்குள் திரும்பி வருகிறது, அண்ணன் ஊசியை உருவுகிறார், பஞ்சை வைத்து என் விரலாலேயே அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார். ரத்தம் நிற்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் அவர் என் கட்டில் ஓரத்திலேயே நிற்கிறார், வேறு வேலை இல்லாத மாதிரி. பஞ்சை எடுத்துப் பார்த்து, பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, பிரிட்ஜுக்குப் போகிறார். இந்தத் தடவை கதவை அகலத் திறக்கிறார். மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து என் நீல பாட்டிலை எடுத்துக்கொண்டு வருகிறார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தேன். வேர்த்திருக்கிறது. உள்ளே வெள்ளையாகக் கலங்கி நிற்கிறது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு சொட்டு குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்றார் அண்ணன். கோயில் ஆராதனைக்குப் புறப்பட்டு, சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தானாம், அவ்வளவுதானாம். இதயம்தான், நம்ம ஆளுகளுக்கு எப்ப வேணாலும் வரும், காரணம் தேடாத என்றார். நேற்று சாயங்காலம் அடக்கம் முடிந்த கையோடு அவன் அப்பா பஸ் ஏறி இங்கே வந்திருக்கிறார், இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுங்க என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பாட்டிலை மேஜைமேல் வைத்திருக்கிறார். அவர் சொன்னதை மட்டும் அண்ணன் அவர் சொன்ன மாதிரியே சொன்னார்.

"செவ்வாக்கெழம மொத மணி நேரத்துல குடிக்கணும்னு பிரிட்ஜுல வச்சிருந்தான். ஒருத்தரையும் தொட விடல."

நான் கொல்லவில்லை. நாலு மணி நேரமாக இதைத்தானே கேட்டுக்கொண்டு கிடந்தேன். கிடைத்துவிட்டது. நான் கொல்லவில்லை, அவன் குடிக்கவில்லை, நல்ல பிள்ளையாகப் படத்தில் போட்ட சட்டத்தை மதித்து, தாகத்தோடு, இதைக் கண்ணெதிரே பிரிட்ஜுக்குள் வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து மோந்து மோந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். எப்படியும் போகிறவன் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஒரு மடக்கு. ஒரே ஒரு மடக்கு. கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அளவு இறங்கியிருந்தால் போதுமே, என் வாய் உலர்ந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு விரல் அளவாவது. குடிக்கலன்னா பேசாத என்றேன். குடிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன் ஆல்வின், நீ சொன்ன பேச்சைக் கேட்கிறவன் என்று நினைத்தேன், கேட்டாயே, எதைக் கேட்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு. அம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறாள், ஏட்டி வடிவு, ஏட்டி என்று அழுதுகொண்டே வருகிறாள், என்னைத் தொடாதே என்கிறேன். மயில்காரி என்னையே பார்க்கிறாள். அவள் மெஷினில் இன்னும் அரை மணி இருக்கிறது, நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்கிறாள், என் கையில் இருக்கிற பாட்டிலைப் பார்க்கிறாள். வலிக்கும் என்றேன் அவளிடம். அடுத்த தடவையும் வலிக்கும்.

எடை பார்க்க வேண்டும். எது நடந்தாலும் போகும்போது எடை பார்த்து எழுதியாக வேண்டும், எவ்வளவு தண்ணி போச்சு என்று. நாற்பத்திமூணரையில் வந்தேன், நாற்பத்தொன்றரையில் போக வேண்டும். நான் பாட்டிலோடு எடை மெஷின்மேல் ஏறி நின்றேன்.

"அத கீழ வச்சிட்டு நில்லு, பிள்ள."

"வைக்க மாட்டேன்."

செருப்பைக் கழற்றாமல் ஏறினால் திட்டுகிறவர், தாலிக்கொடி எவ்வளவு கிராம் என்று கேட்டுக் கழிக்கிறவர். அவர் என்னைப் பார்த்தார். சிவப்பு எண்கள் ஆடி ஆடி நின்றன. குனிந்து, நோட்டில் என் பெயருக்கு நேராக, நாற்பத்திரெண்டு புள்ளி ஒன்று என்று எழுதினார்.